தழும்பைக் கேட்டு வாங்கியவள்

பேருந்து நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில், மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தூறல். வெயில் காலம், மழைக்காலம் என்ற பாகுபாடு எதுவும் கிடையாது, அவளுடைய ஒரு கண் மட்டும் எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு பெண் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டே டிக்கெட் அடித்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, தப்பு உங்களுடையதுதான் என்று சண்டைக்கு வந்த ஒரு தடித்த ஆசாமி, கண்ணாடிக்கு அப்பால் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டு, சரி விடும்மா, நீ ஏன் அழறே என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கிறார். இன்னொரு அம்மாள், வரிசையில் நின்ற அத்தனை பேரையும் காக்க வைத்து, மாமியாரை எப்படி மடக்குவது என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். தூறலுக்கு மாமியாரே கிடையாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இந்தக் கண்ணை வைத்தே நீ சூப்பர்வைசர் ஆகிவிடலாம் என்று பக்கத்து ஜன்னல்காரி கேலி செய்வாள். தூறலும் சேர்ந்து சிரிப்பாள், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே.

அது அழுகை இல்லை, வியாதி. கண்ணிலிருந்து மூக்குக்குள் தண்ணீர் இறங்குகிற மெல்லிய குழாய் ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. அவளுக்கு அது அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. வழியாமல் தங்கியது, மூக்கோரத்தில் தோலுக்கு அடியில் இருக்கிற சின்னப் பையில் சேர்ந்து சீழாகிக் கெட்டியானது. ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும், அதுவரைக்கும் காலையும் இரவும் கண்ணின் உள்முனையில் விரலை வைத்து மூக்கோடு சேர்த்து நன்றாக அழுத்தி அதை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நீயே அழுத்தினால் வலிக்குப் பயந்து பாதியில் விட்டுவிடுவாய், வீட்டில் யாராவது இருந்தால் அவர்களைச் செய்யச் சொல் என்றும் சொன்னாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவளுடைய புருஷன், லிஃப்ட் மெக்கானிக்.

அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பாதி மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கையால் ஓடுகிறவை. நடு மாடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியே நின்று நிதானமாகப் பேசி, பயத்தைத் தெளியவைத்து இறக்கிவிடுகிற ஆள். அப்படி ஊரான் வீட்டு ஜனங்களிடம் பேசுகிறவர், வீட்டுக்குள் வந்தால் கிணற்றில் போட்ட கல். பால் தீர்ந்துவிட்டது, பைப்பில் தண்ணீர் வரவில்லை, நாளைக்கு வர நேரமாகும். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் இதற்கு மேல் பேச்சு நடந்ததில்லை.

முன்பெல்லாம் அப்படி இல்லை. அவர்களுக்கு ஒரே மகன் இருந்தான். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஏரிக்கரைக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் வேண்டாம் என்றார் அவர். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், எல்லாப் பிள்ளைகளும்தானே போகிறார்கள் என்று சொல்லி, தலை சீவி, பையில் சாப்பாடு வைத்து அனுப்பியவள் தூறல்தான். போன பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள், வயிற்றெரிச்சல் என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீதானே அனுப்பினாய் என்று ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட அவளும் பதிலுக்குக் கத்தி, தலையில் அடித்துக்கொண்டு, எப்படியோ ஒரு கரை ஏறியிருப்பார்கள். அவர் வாயையே மூடிக்கொண்டார். அடியைவிட அது பெரிய அடி.

மறு வருஷம்தான் இந்தக் கண் அடைத்தது. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் நகம் வெட்டினார். கிரீஸ் படிந்த கை, அவ்வளவு லேசில் போகாது. சோப்புப் போட்டு, துணி துவைக்கிற பிரஷ்ஷால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அவளை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தார். "மேலே பாரு" என்றார். அழுத்தினார். உயிர் போகிற வலி. துடைத்துவிட்டு "போதும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் அதே கழுவல், அதே ஸ்டூல், அதே இரண்டு பேச்சு. காய்ச்சலாகக் கிடந்த நாளிலும் எழுந்து வந்து செய்துவிட்டுத்தான் படுத்தார்.

அந்த நேரம் அவருடைய முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கண்ணை எடுக்காமல் அவளுடைய கண்ணையே பார்ப்பார். மற்ற நேரத்தில் அவள் இருக்கிற பக்கமே திரும்பாத மனுஷன். பொண்டாட்டிக்கு வேறென்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்கிறார், நாளுக்குக் கொஞ்சமாக மன்னிக்கிறார் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். கண் வலித்தது, மனசு குளிர்ந்தது. ஆபரேஷன் தேதியை டாக்டரம்மா ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், லீவு கிடைக்கவில்லை, தங்கச்சி வீட்டில் விசேஷம், சளி பிடித்திருக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு அப்புறம் புலம்பாதே என்று பக்கத்து ஜன்னல்காரி திட்டினாள். யாரிடம் போய்ச் சொல்வது, இந்த நோய் எனக்கு வேண்டியிருக்கிறது என்று? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

எத்தனை நாளைக்குத்தான் தள்ள முடியும். ஒரு நாள் காலையில் மூக்கோரம் சிவந்து எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. டாக்டரம்மா மருந்து கொடுத்து வீக்கத்தை வற்ற வைத்துவிட்டு, இனிமேல் உன் சாக்குப்போக்கு எதுவும் என்னிடம் நடக்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இவளுக்குத் தேளைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. கண் சரியாகிவிட்டால் அந்த ஸ்டூலில் உட்கார அவளுக்கு வேலையில்லை. விரல் போய்விட்டால் அவருக்கும் அவளுக்கும் நடுவில் பால் தீர்ந்துவிட்டதைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோதுதான் டாக்டரம்மா அந்த விவரத்தைச் சொன்னாள். இரண்டு விதமாகச் செய்யலாம். மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டு உள்ளேயே வழி போட்டுவிடலாம், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. இல்லையென்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் வெளியே நகம் அளவுக்கு வெட்டிச் செய்வது. பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வெளியே வெட்டினால் தழும்பு விழும். தையல் பிரித்த பிறகு காலையும் இரவும் களிம்பு போட்டு, மாதக்கணக்கில் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டால்தான் மெல்ல மங்கும். நாலு பேர் முகம் பார்க்கிற வேலை உனக்கு, உள்வழியே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள்.

தூறல் காதில் விழுந்தது காலையும் இரவும் என்பது மட்டும்தான். வெளியிலேயே செய்துவிடுங்கள் என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். தழும்பில்லாமல் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். தழும்பைக் கேட்டு வாங்குகிறவளை அன்றைக்குத்தான் பார்க்கிறாள். மூக்குக்குள் குழாய் விடுவதென்றால் பயமாக இருக்கிறது என்று தூறல் ஒரு பொய்யைச் சொன்னாள். அவர் மருந்தோடு மேலே வந்தபோது, வெட்டித்தான் செய்ய வேண்டுமாம் என்று இன்னொரு பொய்யையும் சொன்னாள். முகத்திலா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தையல் பிரிக்கிற அன்றைக்குத்தான் அவர் வெட்டுக்காயத்தை முழுசாகப் பார்த்தார். கண் முனையை ஒட்டி, மூக்குச் சரிவில், சிவப்பாக ஒரு பிறை. பார்த்தவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார் என்று நர்ஸ் வந்து சொல்லிச் சிரித்தாள், இந்த ஆம்பிளைங்களே இப்படித்தான் என்று. தூறலுக்கும் சிரிப்பு வந்தது. பதினைந்து மாடி இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்குகிற மனுஷனுக்கு இவ்வளவு சின்னக் காயம் தாங்கவில்லையே என்று உள்ளூர ஒரு பெருமைகூட.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. அவர் கை கழுவிக்கொண்டு வந்தார், களிம்பை எடுத்தார், தேய்த்தார். காலையும் இரவும். இப்போது வலி இல்லை, சீழ் இல்லை, நாற்றமில்லை. வெறும் விரல். அந்த மாதங்களில் தூறல் கவுண்டரில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். கண்ணீர் நின்றுபோனதால் வந்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இனிமேல் உன்னைப் பாலைவனம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து ஜன்னல்காரி அலுத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. முன்பு கண் கொட்டாமல் பார்த்தவர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். சில நாள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தேய்த்தார். தேய்க்கிற வேகமும் புதிதாக இருந்தது, கறையைப் போக்கியே தீருவது என்கிற மாதிரி. நாள் பூராவும் உழைத்துவிட்டு வருகிற உடம்பு, அசதியாக இருக்கும் என்று அவளே அவருக்காக ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் அந்த வீட்டில் கேட்கிற பழக்கமே செத்துப்போயிருந்தது.

கடைசிப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். டாக்டரம்மா கண் முனைத் துளையில் மெல்லிய ஊசி போன்ற குழாயை வைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்தினாள். வழி திறந்திருந்தால் அந்தத் தண்ணீர் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். தொண்டையில் உப்பு தெரிகிறதா என்று கேட்டாள். தெரிந்தது. நன்றாகவே கரித்தது. இல்லை என்று தலையாட்டினாள் தூறல். சரியாகவில்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் அல்லவா, அதற்குத்தான். டாக்டரம்மா மறுபடி செலுத்தினாள். இவள் மறுபடி இல்லை என்றாள், சொல்லிக்கொண்டே மடக்கென்று விழுங்கினாள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணிலிருந்தும் திரும்பி வரவில்லை, தொண்டைக்கும் போகவில்லை என்றால் அந்தத் தண்ணீர் காற்றில் கரைந்துவிட்டதா என்று கேட்டாள். வழி பிரமாதமாகத் திறந்திருக்கிறது, களிம்பையும் இன்றோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லி, கையுறையைக் கழற்றிப் போட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற வழக்கம் இருந்தது. நர்ஸ் அவளை வெளிச்சத்துக்குக் கீழே உட்கார வைத்துக் கேட்டாள். தண்ணீர் வடிகிறதா? இல்லை. கண்ணாடியில் பார்க்கும்போது தழும்பு சங்கடமாக இருக்கிறதா? இல்லை. மொத்தத்தில் திருப்தியா? திருப்திதான் என்றாள் தூறல். பிறகு அவர் பக்கம் திரும்பி, தினமும் பார்க்கிறவர் நீங்கள், உங்கள் கண்ணுக்குத் தழும்பு தெரிகிறதா என்று கேட்டாள்.

"தெரியுது" என்றார் அவர்.

நர்ஸுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விளக்கைக் கிட்டத்தில் இழுத்து, குனிந்து பார்த்து, நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, இவ்வளவு அழகாக ஆறினதை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னாள்.

"எனக்குத் தெரியுதும்மா."

சொல்லிவிட்டு அவர் டாக்டரம்மாவிடம் போய், கண் அடைப்பு திரும்ப வராதல்லவா என்று கேட்டார். வராது என்றாள். இவள் வீட்டில் தனியாக இருந்தால் ஒன்றும் ஆபத்தில்லையே என்று கேட்டார். தாராளமாக இருக்கலாம், இனி உங்கள் மனைவிக்கு யாருடைய துணையும் தேவையில்லை என்று அந்தப் புண்ணியவதி சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாள். தனியாக என்ற சொல்லை வாசல் வரைக்கும் தூறல் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தம். உச்சி வெயிலில் அங்கே வேறு யாரும் இல்லை. அவராகவே ஆரம்பித்தார். கம்பெனி வேறு ஊரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு லிஃப்ட் போடுகிற வேலை எடுத்திருக்கிறது. வருஷா வருஷம் இவரைத்தான் அங்கே போகச் சொல்லிக் கேட்கிறார்கள். வீட்டில் கண்ணுக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தட்டிக்கழித்து வந்தாராம். இப்போது சரி என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் புறப்பட வேண்டும், அங்கேயே தங்கல். கண் சரியாகட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்றார், மாதச் சாமான் வாங்கினதைச் சொல்கிற குரலில்.

ஆக, விரல் மட்டும் போகவில்லை, ஆளே போகிறார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவரைக் கட்டிப்போட்டிருந்தது அவளுடைய கண்ணில் இருந்த சீழ்தான். பாவி மனசு, அதைப் போய் மன்னிப்பு என்று நினைத்து வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தூறல் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகக் கேட்காததை அங்கே கேட்டாள்.

"என் மேல இன்னும் கோவமா?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோவம் எப்பவோ போயிடுச்சு. கோவமா இருந்தா இத்தனை வருஷம் உன்கூட இருந்திருப்பேனா?" என்றார். அப்புறம், நிறுத்தி நிறுத்தி, அந்த வீட்டில் பேசாத அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார். "அவனுக்கு உன் கண்ணுதான். அந்த ஓரம், மூக்கு சேர்ற இடம், எல்லாம் அச்சு அசல் அவன்தான். உன்னை முழுசா பார்க்க முடியலை, பார்த்தா அன்னைக்கு அவனைக் கரையில போட்டு வச்சிருந்தாங்களே, அதுதான் வருது. ஆனா கண்ணை மட்டும் கிட்டத்துல பார்த்தா அவன் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இப்போ அதுல கத்தி பட்டுப்போச்சு. எப்படியாவது அழிஞ்சிடும்னு தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். எல்லாருக்கும் அழிஞ்சிடுச்சு. எனக்குத்தான் அழியலை."

தூறல் அப்படியே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பொய் அவளோடு போயிருக்கும், அவருக்காவது நிம்மதி. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷி மூடிக்கொண்டே இருப்பாள்.

"மூக்குக்குள்ள விட்டும் பண்ணலாம்னாங்க" என்றாள். "தழும்பே வராதுன்னாங்க. நான்தான் வெளிய வெட்டச் சொன்னேன்."

அவர் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார்.

"ஏன்?"

"தழும்பு இருந்தா நீங்க தேய்ச்சு விடுவீங்கல்ல. அதுக்குத்தான்."

ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான், இரண்டு பேரும் அசையவில்லை என்றதும் விசில் கொடுத்துப் போய்விட்டான். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு பேச்சு.

"சும்மா கேட்டிருந்தாலே தொட்டிருப்பேனே."

தொட்டிருப்பாரா, மாட்டாரா, யார் கண்டது. அவர் மனசாரத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் தூறலுக்கு நெஞ்சு பிளந்தது. ஒரு வார்த்தைக்குக் கிடைத்திருக்க வேண்டியதை முகத்தை வெட்டிக் கொடுத்து வாங்கப் பார்த்திருக்கிறாள், வாங்கப் போனதில் அவரிடம் மிச்சமிருந்த பிள்ளையையும் பறித்துவிட்டாள். முதல் தடவை அனுப்பி வைத்துப் பறித்தாள். இரண்டாம் தடவை இப்படி.

அவர் கையை உயர்த்தினார். கழுவாத கை, நடுரோடு, பட்டப்பகல். விரல் அவள் முகத்துக்கு வந்தது. தழும்பு இருந்த பக்கம் அது வரவில்லை. மற்றக் கண்ணின் ஓரத்துக்குப் போய், மூக்கு சேர்கிற இடத்தில், பட்டும் படாமலும் நின்றது. அந்தக் கண்ணில் ஒரு நோயும் இருந்ததில்லை, அங்கே அழுத்தி எடுக்க ஒன்றுமில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கிட்டத்தில் குனிந்து, பழையபடி கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தொடுவது தன்னை இல்லை என்று தூறலுக்குத் தெரிந்தது. போகட்டும், பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று முகத்தை அசைக்காமல் காட்டிக்கொண்டு நின்றாள்.